போன், டேட்டா, சட்டம்: திருமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில், மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில், பதினான்கு வருடமாகப் போன் திருத்துகிறேன். மேசையில் ஒரு போனைத் திறந்து வைத்துக் குனிந்திருக்கும் நேரத்தில்தான் ஆட்களுக்குக் கேள்வி வரும். முதலில் பற்றரியைப் பற்றிக் கேட்பார்கள், அப்புறம் டேட்டா, அங்கிருந்து சட்டம், அரசாங்கம் என்று பேச்சு போகும். ஒரே கேள்வியை உவர்மலை ஆளும் கேட்கிறார், கிண்ணியா ஆளும் கேட்கிறார். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். இதில் இருப்பது என் அனுபவமும் என் கருத்தும்தான். எந்தக் கம்பனியும் எனக்குக் காசு தரவில்லை.

எந்த போன் வாங்குவது?

எல்லோரும் கையில் இருக்கும் தொகையைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். இரண்டு வருடத்தில் மாற்றுகிறவருக்கு ஒரு பதில், மகளின் கம்பஸ் படிப்பு முடியும்வரை தாங்க வேண்டும் என்கிறவருக்கு வேறு பதில்.

பலர் கமராவின் மெகாபிக்சலைப் பார்த்து வாங்குகிறார்கள். அந்த எண்ணுக்கு நான் பெரிய மதிப்பு கொடுப்பதில்லை. பார்க்க வேண்டியது, எத்தனை வருடத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவதாகக் கம்பனி எழுத்தில் சொல்லியிருக்கிறது என்பதை. கூகிள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சுங் 2024இல் எஸ்24 வரிசைக்கும் ஏழு வருடம் என்று அறிவித்தன. விலை குறைந்த போன்களில் இது இரண்டு, மூன்று வருடத்தோடு நின்றுபோவது சாதாரணம். அதற்குப் பிறகும் போன் வேலை செய்யும், ஆனால் வங்கி அப் வைத்திருக்கிற போனில் ஓட்டைகள் அடைக்கப்படாமல் கிடக்கும்.

இன்னொன்று, வாங்குவதற்கு முன்பே அந்த மொடலுக்கு டிஸ்பிளே என்ன விலை என்று ஏதாவது ஒரு திருத்தும் கடையில் கேளுங்கள். போன வருடம் ஒரு தம்பி, ஓரம் வளைந்த டிஸ்பிளே உள்ள போன் ஒன்றை முதல் சம்பளத்தில் வாங்கிக்கொண்டு வந்து காட்டினார், முகமெல்லாம் சிரிப்பு. மூன்றாம் மாதம் பஸ்ஸில் ஏறும்போது விழுந்துவிட்டது. டிஸ்பிளேயின் விலை போன் விலையில் பாதிக்கு மேல். அதை அவரிடம் சொல்வதற்கு எனக்கு நாக்கு எழவில்லை.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் போன் இங்கே வேலை செய்யுமா?

இந்தக் கேள்வி 2025க்குப் பிறகு மும்மடங்காகிவிட்டது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, பதிவில்லாத போன்களை 2025 ஜனவரி 28க்குப் பிறகு இங்குள்ள வலையமைப்பில் இணைக்க முடியாது என்று அறிவித்தது. அதற்கு முன்பே இங்கே சிம் போட்டுப் பாவித்துக்கொண்டிருந்த போன்களுக்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது.

கடையில் வாங்குகிறீர்கள் என்றால் காசைக் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என்று டயல் செய்தால், ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் வரும். ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு எழுத்தையும் ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். பதிவு இருக்கிறதா இல்லையா என்று பதில் வரும். பெட்டியில் உள்ள எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள், அது வேறாக இருந்தால் அந்தக் கடையில் நிற்க வேண்டாம்.

திருட்டுப் போன் வியாபாரத்தை இது குறைக்கும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கனடாவில் இருக்கும் சித்தப்பா தான் பாவித்த போனை இங்குள்ள பிள்ளைக்குக் கொண்டுவந்து கொடுப்பது நம் ஊரில் எத்தனையோ வீடுகளின் வழக்கம். அந்தப் பிள்ளையைக் கள்ளக்கடத்தல்காரர் போல நடத்தாத ஒரு இலகுவான வழி வேண்டும், அதைத் தமிழிலும் தெளிவாக எழுதிப் போட வேண்டும்.

தண்ணீர் புகாது என்று ஐ.பி.68 போட்டிருக்கிறதே, கடலில் கொண்டுபோகலாமா?

வேண்டாம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. கடல் தண்ணீருக்குக் கம்பனிகள் பொதுவாக உத்தரவாதம் தருவதில்லை. அதிலும் ரப்பர் ஒட்டுப் பழசாகப் பழசாக அந்தப் பாதுகாப்பும் குறைந்துகொண்டே போகும். ஒருமுறை டிஸ்பிளே மாற்றின போன் என்றால் அதை மறந்துவிடுங்கள்.

திருக்கடலூரிலிருந்து வரும் ஒரு அண்ணா இருக்கிறார், வருடத்துக்கு ஒரு போன் கடலுக்குக் கொடுப்பார். கடைசியாகக் கொண்டுவந்ததைத் திறந்து பார்த்தேன். சார்ஜிங் போர்ட்டைச் சுற்றிச் செம்பெல்லாம் பச்சை பூத்து, உள்ளே சர்க்கிட் போட்டில் இருந்த சின்னச் சின்னப் பாகங்களின் கால்கள் மாவு போல உதிர்ந்து கிடந்தன. போன் தண்ணீரில் விழுந்தது பத்து செக்கனாம். அதை அவர் துடைத்துவிட்டு, வேலை செய்கிறதா என்று பார்க்க உடனே சார்ஜரில் போட்டிருக்கிறார். அங்கேதான் எல்லாம் போனது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மின்சாரம் ஓடும்போது உப்பு செம்பைத் தின்னும் வேகம் பல மடங்கு.

கடலில் விழுந்தால் உடனே நிறுத்துங்கள். சார்ஜில் போடாதீர்கள். தண்ணீர் புகாது என்று கம்பனி சொன்ன போனாக இருந்தால் மேலாக நல்ல தண்ணீரில் அலசித் துடைக்கலாம். மற்றப் போன்களை நிறுத்தினபடியே அன்றைக்கே கொண்டுவாருங்கள். திறந்து, ஐசோபுரோபைல் அல்ககோலால் உப்பைக் கழுவி எடுத்தால் பாதிப் போன்களாவது பிழைக்கும். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தால் நான் செய்ய ஒன்றும் இருக்காது.

கடலுக்குள் விழாவிட்டாலும் இந்த ஊரின் காற்றிலேயே உப்பு இருக்கிறது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கரையோரமாக இருப்பவர்களின் போர்ட்டுகள் கரையிலிருந்து உள்ளே தள்ளி இருப்பவர்களுடையதைவிடச் சீக்கிரம் கெடுகின்றன. போர்ட்டுக்குப் போடும் ஒரு சின்ன ரப்பர் மூடி சில நூறு ரூபாதான்.

அரிசிக்குள் போட்டு வைத்தால் சரியாகுமா?

ஆகாது. அரிசி உள்ளே இருக்கும் தண்ணீரை இழுப்பதில்லை, தூசும் மாவும்தான் போர்ட்டுக்குள் போகும். ஆப்பிள் கம்பனியே 2024இல் அரிசிக்குள் வைக்க வேண்டாம் என்று எழுதியது.

இரவு முழுக்கச் சார்ஜில் விட்டால் பற்றரி கெட்டுப்போகுமா?

இப்போதைய போன் நிறைந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும், வெடித்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் எப்போதும் 100 வீதத்தில் வைத்திருப்பது பற்றரிக்குச் சுமைதான். 80 வீதத்தில் நிறுத்தும் வசதி அநேகமான புதுப் போன்களில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

உண்மையான எதிரி சூடு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எனக்கு வரும் உப்பிய பற்றரிகளைப் பார்த்தாலே தெரியும். ஓட்டோவின் முன்பக்கம் வெயிலில் மாட்டி, வழிகாட்டும் வரைபடத்தையும் ஓடவிட்டு, அதோடு சார்ஜும் போட்டுக்கொண்டு கந்தளாய் வரை ஓடினால் பற்றரி வெந்துதான் போகும். எத்தனை முறை சார்ஜ் நிறைக்கலாம் என்று கணக்கிட்டால், ஐபோன் 15க்கு 1000 முறை நிறைத்த பிறகும் 80 வீதம் கொள்ளளவு இருக்கும்படி செய்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது, அதற்கு முந்தியவற்றுக்கு 500 முறை. இந்தக் கணக்கெல்லாம் சூடு ஏறாத நல்ல நிலைமைக்குத்தான் பொருந்தும். பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றால் அழுத்தி மூடாதீர்கள், குத்தாதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள்.

பெட்டிக்குள் சார்ஜர் இல்லையே, ஏமாற்றிவிட்டார்களா?

கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஆப்பிள் 2020இல் தொடங்கியது, மற்றவர்களும் பின்னால் போனார்கள். சூழலுக்கு நல்லது என்று காரணம் சொன்னார்கள். விலையைக் குறைத்திருந்தால் நானும் அதை ஏற்றுக்கொண்டிருப்பேன்.

இதில் நமக்கு நல்லது செய்தது ஐரோப்பிய ஒன்றியம். 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் போன்களுக்கு டைப் சி கட்டாயம். அதற்கு முன்னேற்பாடாக 2023இலேயே ஐபோன் 15 டைப் சிக்கு மாறியது. அங்கே போட்ட சட்டத்தால் திருமலையில் ஒரு வீட்டில் நான்கு பேருக்கு ஒரு வயர் போதும் என்ற நிலை வந்திருக்கிறது. 2025 ஜூனிலிருந்து அங்கே விற்கும் போன்களுக்கு ஏழு வருடம் உதிரிப்பாகம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. ஒரு போனைத் திருத்திப் பாவிக்க முடிவது ஏழை நாட்டுக்கு இன்னும் அவசியம். நம் பாராளுமன்றத்தில் இதைப் பற்றி யாராவது ஒரு நாள் எழும்பிப் பேச வேண்டும் என்று மனதாரக் காத்திருக்கிறேன்.

அப்புறம், வீதியோரத்தில் விற்கும் எடையே இல்லாத சார்ஜரை வாங்காதீர்கள். கையில் எடுத்துப் பார்த்தாலே உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும்.

டேட்டா ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிகிறது? யூடியூப் பக்கேஜ், பேஸ்புக் பக்கேஜ் எல்லாம் லாபமா?

முதல் பாதிக்குப் பதில் இலகு. வீடியோ தானாக ஓடுவதை நிறுத்துங்கள், வட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள், அப்டேட்டை வைபையில் மட்டும் என்று வையுங்கள். பாதிப்பேருக்கு இதிலேயே பிரச்சினை தீரும்.

பக்கேஜ் வாங்கும்போது எவ்வளவு இரவு டேட்டா, எவ்வளவு எந்நேர டேட்டா என்று பிரித்துப் பாருங்கள். பெரிய எண்ணைப் போட்டிருப்பார்கள், அதில் பாதி நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் ஓடும். விடிய நான்கு மணிக்கு எழும்பி மீன் எடுக்கப் போகிற மனிதர் அதை எப்போது பாவிப்பார்?

இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியம். யூடியூபுக்கு மட்டும், பேஸ்புக்குக்கு மட்டும் என்று வாங்கும் பக்கேஜ் மலிவாக இருக்கிறது, உண்மைதான். காசு இல்லாதவரை அதை வாங்காதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். போன மாதம் ஒரு அக்கா வந்தார், மகனுக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளம் திறக்கவில்லை, போன் பழுது என்றார். போன் நன்றாகத்தான் இருந்தது. அவரிடம் இருந்தது சமூக ஊடகப் பக்கேஜ் மட்டும். பேஸ்புக்கில் பெறுபேறு வந்துவிட்டது என்ற செய்தியைப் பார்க்க முடிகிறது, பெறுபேற்றைப் பார்க்க முடியவில்லை. அவருக்கு இன்டர்நெட் என்றால் அந்த நான்கு அப்தான் என்று அந்தப் பக்கேஜே சொல்லிக் கொடுத்திருக்கிறது.

இந்தியாவில் இதே விஷயம் பெரிய விவாதமாகி, சில தளங்களை மட்டும் இலவசமாகத் திறக்கும்படி பேஸ்புக் கொண்டுவந்த ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை எதிர்த்து மக்கள் எழுதிக் குவித்து, 2016 பெப்ரவரியில் அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. டேட்டா என்றால் டேட்டா. தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் பார்த்து, இன்னார் எழுதியதற்கு முத்திரை வேண்டாம், மற்றவருக்கு வேண்டும் என்று சொன்னால் ஒத்துக்கொள்வோமா? நம் ஊரில் ஒரு பெடியன் தமிழில் நல்ல பாடத் தளம் ஒன்று செய்தால், அது அந்த மலிவுப் பக்கேஜுக்குள் வரவே வராது.

ஸ்டார்லிங்க் எடுக்கலாமா?

செயற்கைக்கோள் வழியாக வரும் இந்த இன்டர்நெட் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது. நகருக்குள் இருப்பவருக்கு அந்த விலை தேவையில்லை, பைபர் இருந்தால் அதுவே நல்லது. குச்சவெளிக்கு அப்பால், அல்லது கோபுரத்தின் சிக்னல் எட்டாத ஒரு விடுதி நடத்துகிறவர் என்றால் யோசிக்கலாம். வானம் திறந்திருக்க வேண்டும், தென்னை மரங்கள் மறைத்தால் அறுந்து அறுந்து வரும்.

தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஏன் கூடக் காசு போகிறது?

இதை ஒருவர் கோபமாகக் கேட்டார், அந்தக் கோபம் நியாயமானது. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 இடம். ஒரே ஒரு தமிழ் எழுத்து சேர்ந்தாலும் முழுச் செய்தியும் வேறு குறிமுறைக்கு மாறி, 70 இடமாகக் குறைந்துவிடும். அதோடு, நாம் ஒரு எழுத்து என்று எண்ணுவதைப் போன் ஒன்றாக எண்ணாது. "திருகோணமலை" என்பது நமக்கு ஆறு எழுத்து. போனுக்கு அது பத்து இடம், ஏனென்றால் தி, ரு, கோ, லை ஒவ்வொன்றும் உயிர்க்குறியோடு இரண்டாகப் பதிவாகிறது. ஊர்ப்பெயரை எழுதியதுமே 70இல் பத்து போய்விட்டது. அதனால்தான் நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். சோம்பல் என்று அவர்களைத் திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

வட்ஸ்அப்பில் இந்தக் கணக்கு இல்லை. ஆனால் வங்கியும் அலுவலகங்களும் இன்னும் எஸ்.எம்.எஸ்.ஸில்தான் பேசுகின்றன. ஒரு அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் இருந்தது. பக்கத்துக் கடை நண்பர்தான் வாசித்துச் சொன்னார், அதற்குள் கடைசித் திகதி போய்விட்டது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழியானது. அது போனின் திரையிலும் தெரிய வேண்டும். நாங்கள் சலுகை கேட்கவில்லை.

பழைய பாமினிக் கோப்புகளைத் திறந்தால் ஆங்கிலக் குப்பையாக வருகிறது, அழிந்துவிட்டதா?

அழியவில்லை. மூதூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு பென் டிரைவைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். இருபது வருடத்து வினாத்தாள்கள், எல்லாம் பாமினியில். புது லப்டொப்பில் திறந்தால் ஒரு வரி புரியவில்லை. பாமினி என்பது ஒரு எழுத்துரு. உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்தின் எண்கள்தான், அதன் மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் சொந்த எண்கள் உண்டு, எங்கே திறந்தாலும் தமிழாகவே வரும், தேடினால் அகப்படும்.

மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. ஒட்டி, மாற்றி, ஒருமுறை வாசித்துத் திருத்தினால் போதும். ஆசிரியருடைய கோப்புகளை மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றினோம். முதல் தாள் திரையில் தமிழாக வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சத்தமாக முதல் கேள்வியை வாசித்தார். அதற்கு நான் காசு வாங்கவில்லை.

இன்றும் பாமினியில் அடித்துக் கொடுக்கும் அச்சகங்கள், அலுவலகங்கள் இருக்கின்றன. தயவுசெய்து விடுங்கள். நீங்கள் அடிப்பதை நாளை யாரும் தேடி எடுக்க முடியாது.

வட்ஸ்அப் பாதுகாப்பானதா?

செய்தி போகும் வழியில் பாதுகாப்பானது. 2016 ஏப்ரலிலிருந்து அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் இடையில் வேறு யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டித்தான் போகிறது. ஆனால் யார் யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசினார் என்ற விவரம் அந்தப் பூட்டுக்குள் இல்லை, அது பேஸ்புக் கம்பனியின் குடும்பத்துக்குள் இருக்கிறது. கூகிள் டிரைவில் போகும் பக்கப்பும் நீங்களாகப் போய்ப் பூட்டினால்தான் அப்படிப் பூட்டப்படும். அந்த வசதி 2021இலேயே வந்துவிட்டது, என்னிடம் வருகிறவர்களில் அதைப் போட்டிருப்பவரை விரல் விட்டு எண்ணலாம்.

நான் அதிகம் காணும் ஆபத்து வீட்டுக்குள்தான். இணைத்த சாதனங்கள் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள், உங்களுக்குத் தெரியாத கணினி ஒன்று இருக்கும். கணவர், அண்ணன், பழைய நண்பர் என்று யாரோ ஒரு தடவை போனை வாங்கி இணைத்துவிட்டிருப்பார். பெண்கள் கொண்டுவரும் போனில் இதைக் கண்டால் நான் தாழ்ந்த குரலில் சொல்லிக் காட்டுவேன், எப்படி வெளியேற்றுவது என்பதையும் காட்டுவேன்.

ஒரு பதிவைப் பகிர்ந்ததற்குப் பிடிக்க முடியுமா? நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜனவரி 24ஆம் திகதி பாராளுமன்றத்தில் 108 பேர் ஆதரித்து, 62 பேர் எதிர்த்து நிறைவேறிய சட்டம் இது. பெப்ரவரி 1ஆம் திகதி சபாநாயகர் கையெழுத்திட்டார். ஐந்து பேர் கொண்ட ஒரு ஆணைக்குழுவுக்கு, பொய்யான கூற்று எது என்று பார்த்து அதை நீக்கும்படி கட்டளையிடும் அதிகாரத்தை அது கொடுக்கிறது. பொய்யான கூற்றுக்கு, அது எவ்வளவு பாரதூரமானது என்பதைப் பொறுத்து, சிறைத்தண்டனை வரை போகலாம்.

அதில் நல்ல பகுதிகள் இருக்கின்றன என்பதை மறைக்க மாட்டேன். ஒரு பெண்ணின் படத்தை வைத்து மிரட்டுகிறவனுக்கு எதிராகச் சட்டம் வேண்டும். அழுதுகொண்டு கடைக்கு வந்து, அண்ணா இதை அழிக்க முடியுமா என்று கேட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மட்டும் ஒரு கூர்மையான சட்டம் போட்டிருந்தால் முதல் ஆளாக வரவேற்றிருப்பேன்.

உண்மை எது, பொய் எது என்று ஐந்து பேர் முடிவு செய்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த ஊரில் நடந்த எத்தனையோ விஷயங்களை முதலில் பொய் என்றுதான் சொன்னார்கள். காணாமல் போன பிள்ளையின் படத்தை ஒரு தாய் பகிர்ந்து நீதி கேட்டால், அது யாருக்குப் பொய்யான கூற்றாகத் தெரியும் என்ற பயம் வடக்கு கிழக்கில் இருப்பவனுக்கு இயல்பாகவே வரும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1979இல் தற்காலிகம் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள்.

நடைமுறைக்கு என் ஆலோசனை: நீங்கள் கண்டதை, உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். கேள்விப்பட்டதைப் பகிர முன் யார் சொன்னது, எப்போது எடுத்த படம் என்று ஒரு நிமிடம் பாருங்கள். பிரச்சினை வந்தால் போனிலிருந்து எதையும் அழிக்காமல் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள், என்னிடம் வர வேண்டாம்.

கலவரம் வந்தால் பேஸ்புக்கைத் தடை செய்வது சரிதானே?

2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது தடுத்தார்கள், 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு தடுத்தார்கள், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி போராட்டத்தின்போது தடுத்தார்கள். மூன்றாவது ஒரு நாள் கூட நீடிக்கவில்லை.

2018இல் அந்தத் தளத்தில் வெறுப்புப் பரவியது உண்மை. பேஸ்புக்கே 2020 மே மாதம் அதற்கு மன்னிப்புக் கேட்டது. முஸ்லிம் கடைகளையும் பள்ளிவாசல்களையும் எரித்த பிறகு, இரண்டு வருடம் கழித்து வந்த மன்னிப்பு அது. சிங்களமும் தமிழும் வாசிக்கத் தெரிந்த போதிய ஆட்களை அவர்கள் நேரத்தோடு வைத்திருக்க வேண்டும். நம்மிடம் விளம்பரக் காசு வாங்கத் தெரிந்த கம்பனிக்கு நம் மொழியில் வரும் கொலைமிரட்டலை வாசிக்க ஆள் இல்லை என்பதை நான் பெரிய குற்றமாகவே பார்க்கிறேன்.

ஆனால் தடை போட்ட நாட்களில் கடையில் நடந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2019இல் ஒரு நானா, கொழும்பில் வேலை செய்யும் மகனோடு வட்ஸ்அப்பில் மட்டுமே பேசிப் பழகியவர், கையில் போனை நீட்டிக்கொண்டு இது ஏன் போகவில்லை என்று நின்றார். சாதாரணமாக அழைத்துக் கொடுத்தேன், மகன் எடுத்தார், அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். தடையைச் சுற்றிப் போகவிடும் வி.பி.என். போடத் தெரிந்தவர்கள் எல்லோரும் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தார்கள், வெறுப்பு எழுதுகிறவர்களும் சேர்த்து. தெரியாத வயதானவர்கள்தான் வெளியே நின்றார்கள். அதனால் எனக்கு இந்தத் தடைகளில் நம்பிக்கை இல்லை. அந்த நேரம் பார்த்து இலவச வி.பி.என். எதையாவது இறக்கவும் வேண்டாம், உங்கள் போக்குவரத்து முழுவதையும் முகம் தெரியாத ஒருவர் வழியாக விடுகிறீர்கள்.

கரண்டும் போன் கோபுரமும் போனால் என்ன செய்வது?

ஒரு சின்ன பற்றரி ரேடியோ வாங்கி வையுங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனது எல்லோருக்கும் தெரியும். வாடைக் காலத்துப் புயலில் முதலில் சாவது போன் சிக்னல்தான். பழைய போன்களில் எப்.எம். இருந்தது, புதியவற்றில் பலவற்றில் எடுத்துவிட்டார்கள், ஏனென்று எனக்கு விளங்கவேயில்லை. ஜெர்மனியின் டொச்ச வெல வானொலி, ஆசியாவுக்குச் சிற்றலை அனுப்ப இதே திருகோணமலையில்தான் மறுஒலிபரப்பு நிலையம் வைத்திருந்தது. வானொலிக்குப் பேர் போன ஊர் இது.

பார்சல் வந்திருக்கிறது, காசு கட்டுங்கள் என்று செய்தி வந்தது. உண்மையா?

நீங்கள் ஒன்றும் ஓடர் பண்ணவில்லை என்றால் பொய். இணைப்பை அழுத்த வேண்டாம். ஒ.டி.பி. எண்ணை வங்கிக்காரர் என்று சொல்கிறவருக்கும் சொல்ல வேண்டாம், உண்மையான வங்கி அதைக் கேட்காது. சொல்லிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே அட்டையின் பின்பக்கத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து நிறுத்தச் சொல்லுங்கள். படித்தவர், படிக்காதவர் என்று இதில் இல்லை.

பிள்ளைக்கு எந்த வயதில் போன் கொடுக்கலாம்?

அவுஸ்திரேலியா 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று 2025 டிசம்பர் 10 முதல் தடுத்திருக்கிறது. இங்கேயும் வர வேண்டுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். வயதைச் சரிபார்க்க எல்லோருடைய அடையாள அட்டையையும் கம்பனிகளுக்குக் கொடுக்க வேண்டி வந்தால் எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் செய்யலாம். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. படிப்புக்கு ஒரு பழைய டப் இருக்கிறது, அது கூடத்தில் மட்டும், இரவு எட்டரைக்குப் பிறகு என் போனும் அதன் பக்கத்தில் மேசையில் கிடக்கும். என் போனை நான் வைக்காவிட்டால் அவள் கேட்பாள், கேட்டும் இருக்கிறாள்.

போனைத் திருத்தக் கொடுத்தால் உள்ளே இருக்கும் படங்களைப் பார்ப்பீர்களா?

இதை நேராகக் கேட்பவர்கள் குறைவு, மனதில் வைத்திருப்பவர்கள் நிறைய. பெண்கள் சிலர் டிஸ்பிளே உடைந்த போனை மாதக்கணக்கில் பாவிப்பது இதனால்தான் என்று ஒரு அக்கா சொல்லித்தான் எனக்கே விளங்கியது.

டிஸ்பிளே, பற்றரி, சார்ஜிங் போர்ட் மாற்ற உங்கள் கடவுச்சொல் தேவையில்லை. கேட்டால் ஏன் என்று கேளுங்கள். சாம்சுங் போன்களில் பராமரிப்பு முறை என்றும், பிக்சலில் திருத்தும் முறை என்றும் ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் படம், செய்தி, கணக்கு எதுவும் திருத்துகிறவர் கண்ணுக்குத் தெரியாது, போன் வேலை செய்கிறதா என்று மட்டும் சோதிக்கலாம். அந்த வசதி இல்லாத போன் என்றால் சிம்மையும் மெமரி காட்டையும் கழற்றிக்கொண்டு போங்கள், முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். என் மேசைக்கு முன்னால் இரண்டு கதிரை போட்டிருக்கிறேன், ஒரு டிஸ்பிளே மாற்ற முக்கால் மணி நேரம் ஆகும், இருந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போகலாம்.